மலையேறும் மஞ்சள் பஸ் எங்கே கிடைக்கும்?

அமெரிக்கப் படம் பார்த்தவர்கள் அந்த மஞ்சள் பஸ்ஸை மறந்திருக்க மாட்டார்கள். நீண்ட மூக்கும் கறுப்புக் கோடுமாக இருக்கும் பள்ளிக்கூட பஸ். தெருமுனையில் வந்து நிற்கும். பக்கவாட்டிலிருந்து 'நில்' என்று எழுதிய சிவப்புப் பலகை கைபோல நீளும். பின்னால் வரும் கார்களும், எதிரே வரும் கார்களும் அப்படியே நின்றுவிடும். பிள்ளைகள் ஏறி முடிக்கும்வரை யாரும் நகரக்கூடாது. அங்கே சட்டம் அப்படி.

நம்மில் குமாஸ்தா வேலை பார்ப்பவர்களுக்கு ரிட்டயர்மென்ட் வயது இருப்பது போல அந்த பஸ்ஸுக்கும் ஒரு கணக்கு உண்டு. பன்னிரண்டு முதல் பதினைந்து வருஷம் ஓடியதும் பள்ளி நிர்வாகம் அதை ஏலத்தில் போட்டுவிடும். அமெரிக்கா முழுவதும் ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவான பள்ளி பஸ்கள் ஓடுகின்றன. ஆகவே வருஷந்தோறும் ஏலத்துக்கு வரும் வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. என்ஜின் இன்னும் பல லட்சம் மைல் ஓடும் நிலையிலேயே இருக்கும். ஆனாலும் சில ஆயிரம் டாலருக்கு முடிந்துவிடும்.

யார் எடுக்கிறார்கள்? முன்பெல்லாம் பழைய இரும்பு வியாபாரிகள், பண்ணைக்காரர்கள், கோவில் குழுவினர் எடுத்தார்கள். இப்போது வேறொரு கூட்டமும் வருகிறது. குடியிருக்க வீடு தேடும் கூட்டம் அது.

சீட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கூரைமேல் சூரிய மின்தகடு எல்லாம் வைத்து, பஸ்ஸையே வீடாக்கிக் கொள்கிறார்கள். இதற்குச் செல்லமாக 'ஸ்கூலி' என்று பெயர். சிலருக்கு இது ஊர் சுற்றும் ஆசை. வேறு சிலருக்கோ வீட்டு வாடகையிலிருந்து தப்பிக்க இருக்கும் ஒரே வழி.

சக்கரத்தின்மேல் 225 சதுர அடி

பெரிய பள்ளி பஸ் ஒன்று சுமார் நாற்பது அடி நீளம். டிரைவர் இடத்தையும் படிக்கட்டையும் கழித்தால் உள்ளே முப்பது அடி நீளமும் ஏழரை அடி அகலமும் தேறும். பெருக்கிப் பார்த்தால் 225 சதுர அடி. மும்பை வாசகர்களுக்கு இந்த எண் பழக்கமானது. குடிசைப் பகுதி மறுசீரமைப்புத் திட்டத்தில் ஆரம்ப காலத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கிய வீட்டின் அளவு இதேதான். பிறகுதான் 269 என்றும் 300 என்றும் உயர்த்தினார்கள். எனவே 'பஸ்ஸுக்குள் எப்படிக் குடித்தனம் நடத்துவார்கள்?' என்று தாராவியிலோ ஆன்டாப்ஹில்லிலோ இருப்பவர்கள் கேட்கமாட்டார்கள்.

இது நேற்று முளைத்த வழக்கமும் அல்ல. கென் கீசி என்ற நாவலாசிரியர் 1964-ல் தம் நண்பர் கூட்டத்தோடு கலிபோர்னியாவிலிருந்து நியூயார்க்வரை ஒரு பஸ்ஸில் போனார். 1939-ம் வருஷத்து இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் பள்ளி பஸ் அது. வண்ண வண்ணமாகச் சாயம் பூசிய அந்த வண்டி ஹிப்பிகளின் சின்னமாகவே ஆகிவிட்டது. பள்ளி பஸ் கட்டும் புளூ பேர்டு கம்பெனியும் 1960-களிலேயே தன்னுடைய பஸ் பாடியில் 'வாண்டர்லாட்ஜ்' என்ற பணக்கார மோட்டார் வீட்டைக் கட்டி விற்கத் தொடங்கியது. கம்பெனி செய்ததைத்தான் இன்று சாதாரண ஜனங்கள் கொல்லைப்புறத்தில் வைத்துச் செய்கிறார்கள்.

பஸ்ஸின் பலம் அவர்களை இழுக்கிறது. 1977 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த மத்திய அரசு விதிப்படி, வண்டியின் வெறும் எடையைப்போல் ஒன்றரை மடங்கு பாரத்தைக் கூரை தாங்க வேண்டும். உருண்டாலும் நசுங்கக் கூடாது, உள்ளே இருப்பவை குழந்தைகள் என்ற எண்ணத்தில் போட்ட விதி. கடையில் விற்கும் சொகுசுக் கேரவன்களின் மெல்லிய சுவரோடு ஒப்பிட்டால் இது கோட்டை.

ஆசை எங்கே போகிறது?

வீடு கட்டி முடித்ததும் அதை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி வருகிறது. ஊருக்குள் நிறுத்தினால் போலீஸ் கதவைத் தட்டும். தனியார் முகாம்களில் தினசரி வாடகை. ஆனால் மேற்கு மாநிலங்களில் மத்திய அரசின் புறம்போக்கு நிலம் கடல்போலக் கிடக்கிறது. பெரும்பாலான இடங்களில் பதினான்கு நாள்வரை காசில்லாமல் தங்கலாம். பிறகு இடத்தை மாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

அங்கே போய்ச் சேரும் பாதைதான் சிக்கல். தார் ரோடு முடிந்து மண் தடம் ஆரம்பிக்கும். மணல், சேறு, கூழாங்கல் ஓடை, மலைச்சரிவு எல்லாம் வரும். சாதாரண பஸ்ஸில் என்ஜின் சக்தி பின் சக்கரங்களுக்கு மட்டுமே போகிறது. அந்தப் பின் சக்கரங்களிலும் ஒரு குறும்பு உண்டு. நடுவில் இருக்கும் டிபரன்ஷியல், எந்தப் பக்கம் சுலபமாகச் சுழலுமோ அந்தப் பக்கத்துக்கே சுழற்சியைத் தள்ளிவிடும். ஒரு பக்கச் சக்கரம் சேற்றில் வழுக்கினால் அது மட்டும் விர்ரென்று சுழலும். நல்ல தரையில் நிற்கும் மறுபக்கச் சக்கரம் சும்மா நிற்கும். பத்து டன் வண்டி அங்குலம் நகராது.

காரோ ஜீப்போ சிக்கினால் இன்னொரு வண்டி கட்டி இழுக்கலாம். பத்து டன் பஸ்ஸை இழுக்கக் கனரக இழுவை லாரி வேண்டும். அதுவும் ஊரிலிருந்து ஐம்பது அறுபது மைல் தள்ளி, தடமில்லாத இடத்துக்கு வரவேண்டும். அதற்கு அவர்கள் போடும் பில் பஸ்ஸின் ஏல விலையை நெருங்கினாலும் ஆச்சரியமில்லை. சிக்கியது வெறும் வண்டியும் அல்ல. கட்டில், பாத்திரம், குழந்தையின் பாடப்புத்தகம் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

இப்படி ஒருமுறை சிக்கியவர்களும், சிக்கியவர் கதையைக் கேட்டவர்களும், 'ஃபோர் வீல் டிரைவ் உள்ள பள்ளி பஸ் எங்கே கிடைக்கும்?' என்று தேடத் தொடங்குகிறார்கள். நம் ஊர் ஜீப்பைப் போல முன் சக்கரங்களையும் என்ஜினே சுழற்றும் பஸ். ஏலப் பட்டியல்களை மாதக்கணக்கில் புரட்டுகிறார்கள். ஒன்று அகப்பட்டால் ஆயிரம் மைல் பயணம் செய்து பார்க்கப் போகிறார்கள்.

பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பதில்லை.

ஏன் கிடைப்பதில்லை?

காரணம் சுலபம். பள்ளிக்கூடங்கள் அதை வாங்குவதே அபூர்வம். பனி பெய்தால் அரசு வண்டிகள் வந்து ரோட்டைச் சுத்தம் செய்துவிடும். பனி மிக அதிகம் என்றால் பள்ளிக்கே லீவு விட்டுவிடுவார்கள். வருஷத்தில் நாலைந்து நாள் லீவு விட்டால் தீரும் விஷயத்துக்கு, ஒவ்வொரு பஸ்ஸிலும் கூடுதல் ஆக்சில், கூடுதல் கியர்பெட்டி, கூடுதல் டீசல் செலவு எதற்கு என்பது நிர்வாகத்தின் கணக்கு.

இன்னொன்றும் இருக்கிறது. முன் ஆக்சிலுக்குச் சக்தி கொடுக்க வேண்டுமானால் வண்டியை உயர்த்த வேண்டியிருக்கும். உயர்த்தினால் படிக்கட்டின் முதல் படி தரையிலிருந்து மேலே போய்விடும். ஐந்து வயதுக் குழந்தை எப்படி ஏறும்? அந்த வண்டி குழந்தைக்காகக் கட்டியது. மலையேறுகிறவர்களின் வசதியை நினைத்து யாரும் கட்டவில்லை.

வழக்கமான பள்ளி பஸ்ஸின் அளவு, நிறம் எல்லாம் குழந்தைகளை முன்னிட்டு முடிவானவைதான். 1939-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் பேராசிரியர் பிராங்க் சைர் கூட்டிய மாநாட்டில், அன்றிருந்த 48 மாநிலங்களின் பிரதிநிதிகளும் கூடி உட்கார்ந்து பஸ் எவ்வளவு உயரம், நடுவழி எவ்வளவு அகலம் என்றெல்லாம் தீர்மானித்தார்கள். விடியற்கால மங்கலிலும் கறுப்பு எழுத்து பளிச்சென்று தெரியும் என்றுதான் அந்த மஞ்சளையும் தேர்ந்தெடுத்தார்கள்.

உண்மையில் ஃபோர் வீல் டிரைவ் தேவைப்படும் பள்ளிப் பிள்ளைகளும் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அரிசோனா, நியூ மெக்சிகோ, யூடா மாநிலங்களில் பரந்து கிடக்கும் நவஹோ பழங்குடியினரின் நிலத்தில் பெரும்பாலான ரோடுகள் இன்றும் மண் ரோடுகளே. மழை பெய்தால் களிமண் சேறாகிவிடும். பஸ் உள்ளே போக முடியாது. பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடும். அந்த நாட்டு மத்திய தணிக்கை அலுவலகம் 2017-ல் வெளியிட்ட அறிக்கை, பழங்குடிப் பகுதிகளில் ரோடுகள் மோசமாக இருப்பதற்கும் மாணவர் வருகை குறைவதற்கும் உள்ள தொடர்பைப் பேசுகிறது. ஊர் சுற்றுகிறவர்கள் விரும்பித் தேடிப்போகும் மண் தடம், அங்கே பிள்ளைகள் தினமும் பள்ளிக்குப் போயாக வேண்டிய பாதை.

இருக்கிற சில வண்டிகள்

அப்படியானால் ஃபோர் வீல் டிரைவ் பள்ளி பஸ்ஸே கிடையாதா? உண்டு. கொலராடோ போன்ற மலை மாநிலங்களிலும் அலாஸ்காவிலும் சில பள்ளி நிர்வாகங்கள் வாங்கியிருக்கின்றன.

நம் கரூரில் பாடி கட்டுகிறார்கள் அல்லவா? லாரிக் கம்பெனி சேஸிஸைக் கொடுக்கும், கரூர்க்காரர் அதன்மேல் பஸ்ஸை எழுப்புவார். அமெரிக்கப் பள்ளி பஸ்ஸிலும் பெரும்பாலும் இதே முறைதான். ஆகவே சேஸிஸ் ஃபோர் வீல் டிரைவாக இருந்தால் பஸ்ஸும் அப்படியே அமையும். இன்டர்நேஷனல் கம்பெனி 1990-களில் விற்ற 4800 என்ற லாரி சேஸிஸ் அந்த வகை. அதன்மேல் கட்டிய பஸ்ஸைக் கண்டால் தேடுகிறவர்கள் விடமாட்டார்கள். அதில் வரும் டி.டி. 466 என்ற ஆறு சிலிண்டர் டீசல் என்ஜினுக்கும் நல்ல பெயர் உண்டு.

இரண்டாவது வகை, சாதாரண வண்டியை வாங்கிப் பிறகு மாற்றியது. இந்தத் தொழிலில் பழைய பெயர் மார்மன்-ஹெரிங்டன். 1931-ல் இண்டியானாபோலிஸ் நகரில் ஆரம்பித்த இந்தக் கம்பெனி, அந்தக் காலத்திலேயே போர்டு லாரிகளின் முன் ஆக்சிலைக் கழற்றிவிட்டு, சக்தி வாங்கும் ஆக்சிலைப் பொருத்திக் கொடுத்தது. டமாஸ்கஸிலிருந்து பாக்தாத் வரை பாலைவனத்தைக் கடந்த நைர்ன் கம்பெனியின் பெரிய பஸ்களை இழுக்க 1930-களில் வண்டி கொடுத்ததும் இவர்களே. வேன் சேஸிஸின்மேல் கட்டிய சிறிய பள்ளி பஸ்களுக்கு இப்படி மாற்றிக் கொடுக்க, பென்சில்வேனியாவின் குவிக்லி போன்ற கம்பெனிகள் இருக்கின்றன.

மூன்றாவதாக, பள்ளி பஸ்ஸே அல்லாத உறவுக்கார வண்டிகள். காட்டுத் தீ அணைக்கும் குழுவினரைக் காட்டுக்குள் ஏற்றிச் செல்லும் வண்டிகள் அரசு ஏலத்துக்கு வருவதுண்டு. எல்லாம் ஃபோர் வீல் டிரைவ் அல்ல, சில அப்படி. ராணுவம் கழித்துவிட்ட நான்கு சக்கர இழுவை லாரியை வாங்கி, அதன்மேல் பள்ளி பஸ்ஸின் பாடியைத் தூக்கி வைத்தவர்களும் உண்டு. பார்க்கப் பிரமாதமாக இருக்கும். வெல்டிங்கும் எடைக் கணக்கும் தெரியாதவர்கள் கிட்டே போகக்கூடாத வேலை அது.

துருவின் வேடிக்கை

தேடுகிறவர்களை விதி கேலி செய்யும் இடம் ஒன்று இருக்கிறது.

ஃபோர் வீல் டிரைவ் வண்டி எங்கே வாங்கப்படும்? பனி கொட்டும் ஊரில். பனி கொட்டும் ஊரில் ரோட்டில் என்ன போடுவார்கள்? உப்பு. பனியை உருக்க மூட்டை மூட்டையாக உப்பும் உப்புக் கரைசலும் கொட்டுவார்கள். அது வண்டியின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் இரும்பைத் தின்னும். கொலாபா கடலோரத்தில் சைக்கிளை நிறுத்தி வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

துருப்பிடிக்காத பஸ் அரிசோனா போன்ற வறண்ட மாநிலங்களில் கிடைக்கும். ஆனால் அங்கேயுள்ள பள்ளிகள் ஃபோர் வீல் டிரைவ் வாங்குவது அபூர்வம். இரண்டும் ஒன்றாக அமைந்த வண்டி வந்தால், ஏலத்தில் விலை எகிறுகிறது.

என்னைக் கேட்டால், முன் ஆக்சில் இல்லாத நல்ல இரும்பு, முன் ஆக்சில் உள்ள துருப்பிடித்த இரும்பைவிட மேல். ஆக்சிலைப் பிறகு பொருத்தலாம். பத்து வருஷம் உப்பு தின்ற சேஸிஸ் சட்டத்தை என்ன செய்வது?

நீளம் தடுக்கும்

இன்னொரு விஷயம். நான்கு சக்கரமும் இழுத்தால் எங்கும் போய்விடலாம் என்று நினைப்பது தவறு.

நாற்பது அடி பஸ்ஸின் பின் சக்கரத்துக்குப் பின்னால் பத்து அடிக்கு மேல் பாடி நீட்டிக்கொண்டு இருக்கும். ஓடையில் இறங்கி ஏறும்போது முன்பக்கம் மேலே தூக்கும். அந்த வால் தரையில் இடிக்கும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே இடைவெளி அதிகமானால், மேட்டின்மேல் வயிறு தட்டித் தொங்கும். மலைத்தடத்தில் கொண்டை ஊசி வளைவு வந்தால் திரும்பாது. மரக்கிளை கூரையைக் கீறும். இந்த இடங்களில் எல்லாம் ஃபோர் வீல் டிரைவ் எந்த உதவியும் செய்யாது. சேற்றில் இன்னும் கொஞ்ச தூரம் உள்ளே போய்ச் சிக்கிக் கொள்ள உதவும் என்று அனுபவஸ்தர்கள் கிண்டலாகச் சொல்வார்கள்.

அதனால்தான் மண் தடத்துக்குப் போக விரும்புகிறவர்கள் இருபது இருபத்தைந்து அடி நீளமுள்ள குட்டி பஸ்ஸைத் தேடுகிறார்கள். குடும்பம் பெரிதாக இருந்தால் அதில் இடம் போதாது. இடம் வேண்டுமா, மலை வேண்டுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொண்டு ஏலத்துக்குப் போவது நல்லது. அங்கே போய் நின்ற பிறகு யோசித்தால் கை தானாகத் தூக்கிவிடும்.

முன் ஆக்சில் இல்லாமலே பாதித் தொல்லையைத் தீர்க்கும் வழிகளும் உண்டு. பின் டிபரன்ஷியலில் 'லாக்' பொருத்தினால் இரண்டு பக்கச் சக்கரங்களும் சேர்ந்தே சுழலும். மேலே சொன்ன குறும்பு போய்விடும். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் மணலில் பரவிப் பிடிக்கும். தார் ரோட்டுக்குத் திரும்பியதும் மறுபடி காற்றடிக்க வேண்டும்.

பனி ஊர்களின் பள்ளி பஸ்களில் ஏற்கெனவே ஓர் அழகான சாதனம் இருக்கும். 'ஆன்ஸ்பாட்' என்று பெயர், ஸ்வீடனில் பிறந்தது. பின் டயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு ரப்பர் சக்கரம், அதில் சுற்றிலும் சங்கிலித் துண்டுகள். டிரைவர் ஒரு சுவிட்சைத் தட்டினால் காற்று அழுத்தத்தில் அந்தச் சக்கரம் இறங்கி டயரைத் தொடும். சங்கிலிகள் சுழன்று விசிறி டயருக்கு அடியில் விழும். டிரைவர் கீழே இறங்கவே வேண்டாம். பள்ளி நிர்வாகங்கள் ஃபோர் வீல் டிரைவ் வாங்காமல் காலம் தள்ளுவதற்கு இதுவும் ஒரு காரணம். இது இருக்கிற பஸ்ஸை ஏலத்தில் எடுத்துவிட்டு, என்னவென்று தெரியாமல் கழற்றி இரும்புக்குப் போட்டுவிடக் கூடாது!

சட்டம் என்ன சொல்கிறது?

வாங்கியதும் பஸ் என்ற பெயரை மாற்ற வேண்டும். சிவப்பு விளக்கும் 'நில்' பலகையும் போகவேண்டும். பல மாநிலங்களில் மஞ்சள் நிறத்தையும் மாற்றச் சொல்கிறார்கள். அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பிடம், தண்ணீர்த் தொட்டியும் குழாயும், வெப்பமோ குளிரோ தரும் சாதனம், வீட்டு மின்சார இணைப்பு ஆகிய ஆறில் நான்காவது நிரந்தரமாகப் பொருத்தியிருந்தால் மோட்டார் வீடு என்று ஏற்பது பல இடங்களில் வழக்கம். இதைவிடப் பெரிய தலைவலி இன்ஷூரன்ஸ். சொந்தக் கையால் கட்டிய வண்டி என்றாலே பல கம்பெனிகள் பின்வாங்கும். அதில் முன் ஆக்சிலும் மாற்றியிருந்தால் சொல்ல வேண்டாம். வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து, ரசீதுகளைப் பத்திரப்படுத்தி வைப்பவர்கள்தான் பிழைக்கிறார்கள்.

நம் நாட்டில் இப்படிச் செய்யலாமா என்று வாசகர்கள் கேட்கலாம். இங்கே கேரவன் என்றால் சினிமா நட்சத்திரம் ஓய்வெடுக்கும் வண்டி என்றுதான் நமக்குத் தெரியும்! 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. கொல்லைப்புறத்தில் வைத்து ஆக்சிலை மாற்றுவது இங்கே நடக்காது. ஆனால் முறைப்படி அனுமதி பெற்றுக் கட்டிய கேரவனுக்கு இடமுண்டு. கேரளமும் மராட்டியமும் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே கொள்கை வகுத்தன. எண்ணூரில் பிறந்த நம் அசோக் லேலண்டின் 'ஸ்டாலியன்' ராணுவ லாரியில் நான்கு சக்கரமும் இழுக்கும் ரகம் உண்டு என்பதையும் இங்கே சொல்லி வைக்கலாம்.

கீழே படுத்துப் பாருங்கள்

மீண்டும் அமெரிக்க ஏல மைதானத்துக்கு வருவோம். 'ஃபோர் வீல் டிரைவ்' என்று பட்டியலில் போட்டிருந்தால் அது உண்மைதானா?

பெரிய டயர் போட்டு உயர்த்தி வைத்த சாதாரண பஸ்ஸை அப்படிச் சொல்லி விற்பவர்கள் உண்டு. வேண்டுமென்றே பொய் சொல்கிறார்கள் என்பதில்லை. எழுதுகிற ஆளுக்கே தெரியாமல் இருக்கலாம். படத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வண்டிக்குக் கீழே நுழைந்து முன் ஆக்சிலைப் பார்க்க வேண்டும். வெறும் இரும்பு உத்திரம்போல இருந்தால் சாதாரண வண்டி. நடுவிலோ சற்று ஒதுங்கியோ பூசணிக்காய்போல ஓர் உருண்டை இருந்து, அதற்குப் பின்பக்கத்திலிருந்து ஒரு ஷாப்ட் வந்து சேர்ந்தால், அதுதான் அசல். அந்த ஷாப்ட் கிளம்பும் இடத்தில், கியர்பெட்டிக்குப் பின்னால், இன்னொரு சிறு பெட்டி இருக்கும். அதற்கு டிரான்ஸ்பர் கேஸ் என்று பெயர். சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு போடுவது அது. அதில் மெதுவேக கியர் உண்டா என்றும் கேட்க வேண்டும். செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் ஊர்ந்து இறங்க அதுதான் துணை.

யாரோ பிறகு பொருத்திய ஆக்சில் என்றால் இன்னொரு சோதனை இருக்கிறது. முன் ஆக்சிலின் பல்சக்கர விகிதமும் பின் ஆக்சிலின் விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன் சக்கரம் ஒரு வேகத்திலும் பின் சக்கரம் வேறு வேகத்திலும் போக முயன்று, ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு உள்ளே உடைத்துவிடும். இரண்டு மாடு இரண்டு பக்கம் இழுத்த வண்டியின் கதைதான்.

1981-க்குப் பிறகு வந்த வண்டி என்றால் பதினேழு எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாள எண் இருக்கும். இன்டர்நேஷனல் வண்டியாக இருந்தால், அதைக் குறித்துக்கொண்டு போய் டீலரிடம் கொடுத்தால், தொழிற்சாலையில் அந்த வண்டிக்கு என்னென்ன பாகம் போட்டார்கள் என்ற பட்டியலே கிடைக்கும். ஜாதகம் மாதிரி. ஆக்சில் எண், கியர்பெட்டி வகை எல்லாம் அதில் இருக்கும். கியர்பெட்டி ஆலிசன் கம்பெனியின் ஏ.டி. 545 என்று வந்தால் மலைக்குப் போகிறவர்கள் யோசிப்பார்கள். நான்கே கியர் உள்ள அந்தப் பெட்டியில் என்ஜினையும் சக்கரங்களையும் நேராகப் பூட்டும் வசதி கிடையாது. நீண்ட ஏற்றத்தில் எண்ணெய் சூடாகும், இறக்கத்தில் என்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது.

உதிரிப் பாகம் கிடைக்குமா என்பதையும் அப்போதே விசாரித்துவிட வேண்டும். பத்துப் பன்னிரண்டு வண்டிகளுக்கு மட்டும் பொருத்திய அபூர்வ ஆக்சில் என்றால், ஒரு பேரிங் உடைந்தாலும் வீடு வாரக்கணக்கில் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும். குடும்பம் எங்கே படுக்கும்?

பிறகு உள்ளே ஏறி, ஒரு மூலையில் ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அதற்கடியில் பலகை, பலகைக்கு அடியில் இரும்புத் தரை. இத்தனை வருஷம் பிள்ளைகளின் ஈரச் செருப்பிலிருந்து வடிந்த தண்ணீரெல்லாம் சீட்டு போல்ட் ஓட்டைகளின் வழியாக அங்கேதான் இறங்கியிருக்கும். மேலே பளபளப்பாக இருந்து, கீழே விரல் நுழையும் அளவு ஓட்டை இருப்பது சகஜம்.

பெரும்பாலான பள்ளி நிர்வாகங்கள் ஏலத்துக்கு முன்பு வண்டியை வந்து பார்க்க அனுமதிக்கின்றன. முன்கூட்டிச் சொன்னால் சாவி போட்டு என்ஜினையும் ஓடவிட்டுக் காட்டுவார்கள். அங்கே வேலை செய்யும் மெக்கானிக்கிடம் நயமாகப் பேச்சுக் கொடுத்தால், இந்த வண்டி எந்த ரூட்டில் ஓடியது, எத்தனை தடவை சிக்கியது என்று அவரே சொல்லிவிடுவார். போகிறவர்கள் ஒரு டார்ச் லைட், துரு தட்டிப் பார்க்க ஒரு சிறு சுத்தியல், முதுகுக்கு அடியில் போட்டுக்கொள்ள ஒரு பழைய கோணிப்பை எடுத்துப் போகிறார்கள். தட்டும்போது 'டங்' என்று கேட்டால் நல்ல இரும்பு. 'பொத்' என்று கேட்டால் எழுந்து தூசியைத் தட்டிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போகவேண்டியதுதான்.